வெள்ளோட்டம் தள்ளிப்போனால் என்ன வெட்கம்?

"அம்மா, இன்னும் ஒரு கிழமை போகுமாம்."

வியாழக்கிழமை இரவுச் சாப்பாடு. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மேசையில் ஆறிக்கொண்டிருக்க, எங்கட மூத்தவன் கைபேசியைப் பார்த்தபடி இதைச் சொன்னான். அவனுக்குப் பதினாலு வயது. ஒரு லினக்ஸ் வழங்கலின் சோதனை வெளியீட்டுக்காக இரண்டு கிழமையாக நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

எல்லாம் அவனுடைய அம்மப்பாவால் வந்தது. என் அப்பாவின் மடிக்கணினிக்கு ஒன்பது வயது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அந்த இயந்திரத்தில் ஏறாது. புதிது வாங்க அப்பாவுக்கு மனமில்லை. "நல்லாத்தானே வேலை செய்யுது, ஏன் எறிவான்?" என்றார். உடனே பேரன் பொறுப்பெடுத்தான்: "நான் லினக்ஸ் போட்டுத் தாறன், அம்மப்பா." அதுவும் சும்மா லினக்ஸ் இல்லை, இன்னும் வெளிவராத ஆகப் புதிய பதிப்பு.

"ஏனாம் ஒரு கிழமை?" என்று கேட்டேன்.

"இன்ஸ்டாலரிலை கடைசி நேரத்திலை பக் பிடிச்சிருக்கினம். ரெண்டு மூண்டாம். திகதி சொல்லிப்போட்டு இப்பிடி மாத்துறது பைன்லிஷ் தானே?"

பைன்லிஷ். வெட்கக்கேடு. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையின் வாயிலிருந்து ஜேர்மன் சொல்லாக வந்தாலும், என் காதில் அது எங்கட வீட்டுத் தமிழாகத்தான் விழுந்தது: "நாலு சனம் என்ன சொல்லும்?"

அன்றைக்கு இரவு அவனோடு கதைத்ததையும், அதற்குப் பிறகு நான் தேடி வாசித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். நான் கணினித் துறையில் வேலை செய்பவள் இல்லை. ஆனால் ஒரு நிறுவியால் ஒரு குடும்பம் எதை இழக்கலாம் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளோட்டம்

புதுத் தேர் செய்தால் திருவிழா அன்றைக்கே சாமியை ஏற்றி இழுப்பதில்லை. முதலில் வெறும் தேரை வீதியில் ஓட்டிப் பார்ப்பார்கள். சில்லு சுழலுதா, அச்சு தாங்குதா, மூலையில் திரும்புதா என்று பார்க்கத்தான் அந்த ஓட்டம். அதற்குப் பெயர் வெள்ளோட்டம். மென்பொருள் செய்பவர்கள் பீட்டா என்று சொல்வதும் இதைத்தான்.

லினக்ஸ் வழங்கல் ஒன்று ஆயிரக்கணக்கான சிறு மென்பொருட்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு மூட்டை. அந்தச் சிறு துண்டுகளைப் பொதிகள் என்பார்கள். அவற்றை எழுதுபவர்கள் உலகம் முழுக்கச் சிதறி இருக்கிறார்கள். பலர் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். பொதிகளை ஒன்றாகச் சேர்த்து, பரிசோதித்து, ஒரு பெயரில் வெளியிடும் குழுதான் வழங்கலை நடத்துகிறது. இறுதிப் பதிப்புக்கு முன் அவர்கள் சில சோதனை வெளியீடுகளை விடுவார்கள். விரும்பியவர்கள் எடுத்துப் போட்டுப் பார்த்து, கண்ட பிழைகளை எழுதி அனுப்புவார்கள். அந்தப் பிழைகளுக்குத் தமிழ்க் கணினிக்காரர் வைத்த பெயர் வழு.

இதைச் சொன்னதும் மகன் சரியான கேள்வியைக் கேட்டான். "வெள்ளோட்டமே பிழை கண்டுபிடிக்கத்தானே? பிறகு ஏன் பிழை இருக்கெண்டு வெள்ளோட்டத்தையே தள்ளி வைக்கினம்?"

கடைசியில் வரும் முதல் ஆள்

மறுமொழி நிறுவியில் இருக்கிறது. இன்ஸ்டாலர் என்று பிள்ளைகள் சொல்லும் அந்த நிரல், எந்த மொழி, எந்த விசைப்பலகை என்று உங்களிடம் கேட்கும். வன்தட்டைப் பார்த்து அதைப் பிரிக்கும். பொதிகளைப் பிரதி எடுக்கும். கடைசியாக, கணினியைப் போட்டவுடன் எதை எழுப்ப வேண்டும் என்று ஒரு சிறு குறிப்பை எழுதிவைக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. அரை மணித்தியாலம் பார்ப்பீர்கள், பிறகு மறந்துவிடுவீர்கள்.

அப்படிப்பட்ட சின்ன நிரலில் ஏன் எப்போதும் கடைசி நேரத்தில் வழு வருகிறது? மூன்று காரணம் சொல்லலாம்.

முதலாவது, அது மற்ற எல்லாவற்றிலும் தங்கி நிற்கிறது. கருநிரலில் ஒரு மாற்றம் வந்தாலும், திரையை வரையும் பகுதி மாறினாலும், ஒரு பொதியின் பெயர் மாறினாலும் நிறுவி தடுக்கி விழும். எல்லாப் பொதியும் வந்து சேர்ந்து முழு மூட்டையும் கட்டியபிறகுதான் அதைச் சரியாகப் பரிசோதிக்கலாம். பயனாளர் முதலில் பார்ப்பது நிறுவியை. செய்பவர்கள் கடைசியில் பார்க்கக்கூடியதும் அதைத்தான்.

இரண்டாவது, வெளியே போன நிறுவியைத் திருப்பிக் கூப்பிட ஏலாது. உலாவியில் பிழை என்றால் அடுத்த நாள் ஒரு திருத்தம் வரும். ஆனால் நிறுவி யுஎஸ்பி குச்சியில் ஏறி ஆயிரம் வீட்டு லாச்சிக்குள் போய்விடும். சில நிறுவிகள் இணையம் இருந்தால் தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் தொடங்கும்போதே உறைந்து நிற்கும் நிறுவிக்கு அந்த வசதி எப்படி உதவும்?

மூன்றாவது, அது வேலை செய்வது முன்பின் தெரியாத ஆட்களின் வன்தட்டில். ஒருவரிடம் பழைய விண்டோஸ் பக்கத்தில் இருக்கும். இன்னொருவரிடம் இரண்டு வன்தட்டு. ஒருவர் வன்தட்டைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருப்பார். இங்கே ஜேர்மனியில் இருப்பவர்களுக்கு நன்றாக விளங்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஜேர்மன் விசைப்பலகையில் யுப்சிலொனும் செட்டும் அமெரிக்க விசைப்பலகைக்கு மாறி இருக்கும். நீங்கள் நிறுவும்போது ஜேர்மன் விசையில் கடவுச்சொல் வைக்கிறீர்கள். கணினி எழும்பும் அந்த முதல் நொடியில் மட்டும் அது அமெரிக்க விசைப்பலகை என்று நினைத்தால்? சொல்லில் ஒரு செட் இருந்தால் போதும். உங்கள் கடவுச்சொல் சரி, கணினி பிழை என்கிறது, கதவு திறக்காது. கலிபோர்னியாவில் இருக்கும் பரிசோதகருக்கு இந்த வழு ஒருநாளும் கண்ணில் படாது.

இனி மகனின் கேள்விக்கு வருவோம். நிறுவி உடைந்த வெள்ளோட்டத்தால் பயனில்லை. வாசற்கதவு திறக்காத வீட்டுக்குள் போய் குசினி நல்லா இருக்கா என்று எப்படிப் பார்ப்பது? பத்தாயிரம் பேர் சோதிக்க வந்து பத்தாயிரம் பேரும் ஒரே கதவில் முட்டிக்கொண்டு திரும்பினால், உள்ளே இருக்கும் ஒரு வழுவும் வெளியே வராது. வந்தவர்களின் மாலைப்பொழுதும் வீண்.

அது இலேசான இழப்பு. பாரதூரமானது, நிறுவி கதவைத் திறந்து வீட்டைத் துடைத்துவிடுவது.

2008இல் எங்கள் வீட்டில்

அப்பா 1984இல் இங்கே வந்தவர். பத்தொன்பது வருடம் கழித்து, சமாதான காலத்தில், 2003இல்தான் முதல் தடவை ஊருக்குப் போனார். போகும்போது ஒரு டிஜிட்டல் கமெரா வாங்கிக்கொண்டு போனார். அப்பம்மாவை முற்றத்தில், கிணற்றடியில், அடுப்படியில் என்று எடுத்துத் தள்ளினார். வந்து கணினியில் போட்டார். 2005இல் அப்பம்மா மோசம் போனா. அப்பா செத்தவீட்டுக்குப் போக ஏலாமல் போய்விட்டது. பின்னேரங்களில் கணினிக்கு முன் இருந்து அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்.

2008இல் நான் பல்கலைக்கழகத்தில். ஒரு சிநேகிதி ஒரு லினக்ஸ் சோதனைப் பதிப்பைச் சீடியில் தந்தாள். விடுமுறைக்கு வந்தபோது அப்பாவின் கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அதையும் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். திரையில் கேட்ட கேள்விகளுக்கு அடுத்தது, அடுத்தது என்று அழுத்தினேன். முடிந்து கணினி எழும்பியபோது விண்டோஸ் இல்லை. படங்களும் இல்லை.

அது எந்த வழங்கல் என்று சொல்லமாட்டேன். நிறுவி பிழை விட்டதா, நான் பிழையான இடத்தில் அழுத்தினேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காப்புப்பிரதி எடுக்காதது மட்டும் நிச்சயமாக என் பிழை. அப்பா ஒன்றும் பேசவில்லை. "பரவாயில்லை பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே நடக்கப் போய்விட்டார். பாரிஸில் இருக்கும் சித்தப்பாவுக்கு முன்பு அனுப்பிய பதினொரு படங்கள் திரும்பக் கிடைத்தன. கிணற்றடிப் படம் அதில் இல்லை.

மகனுக்கு இந்தக் கதை தெரியாது. அன்றைக்குத்தான் சொன்னேன். அவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

நூர்ன்பேர்க்கில் இருந்து இரண்டு பாடம்

நாங்கள் இருப்பது நூர்ன்பேர்க்கில் இருந்து அரை மணித்தியாலத் தூரத்தில். லினக்ஸ் உலகத்தில் அந்த நகரத்துக்கு ஒரு பெரிய பெயர் உண்டு. பக்கத்து ஊரான ஃபூர்த்தில் 1992 செப்டம்பரில் நான்கு இளைஞர்கள் தொடங்கிய நிறுவனம்தான் சூசே. பச்சோந்திச் சின்னம் போட்ட பெட்டி, உள்ளே அடுக்காகச் சீடிக்கள், தலையணை மாதிரித் தடித்த கைநூல். தொண்ணூறுகளின் கடைசியில் கடைகளில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் நிறுவிக்கு யாஸ்ட் என்று பெயர். விரித்தால் "மேலும் ஒரு அமைப்புக் கருவி" என்று தன்னைத்தானே கிண்டல் பண்ணும் பெயர்.

அமெரிக்காவின் நொவெல் நிறுவனம் சூசேயை வாங்கும் வேலை 2004 ஜனவரியில் முடிந்தது. அடுத்த ஆண்டு, வெளியாட்களும் சேர்ந்து செய்யட்டும் என்று ஓப்பன்சூசே திட்டம் ஆரம்பமானது. அதன் ஆரம்ப காலப் பதிப்புகளில் ஒன்றுதான் சூசே லினக்ஸ் 10.1. அங்கேதான் முதல் பாடம்.

பொதிகளை இறக்கி, எது எதற்குத் தேவை என்று கணக்குப் பார்த்து நிறுவும் பகுதி நிறுவியின் இதயம். நூர்ன்பேர்க் ஆட்களிடம் அப்படி ஒன்று இருந்தது. நொவெல் வாங்கியிருந்த இன்னொரு நிறுவனத்திடமும் ஒன்று இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தார்கள். இந்த இதயமாற்று அறுவைச் சிகிச்சை சோதனை வெளியீடுகள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது. வெளியீட்டு அட்டவணை இழுபட்டது. இறுதிப் பதிப்பு 2006 மே 11ஆம் திகதி வந்தது. வந்தபிறகும் பொதி மேலாண்மை ஆமை வேகம், இடையில் முறிகிறது என்று பயனாளர்கள் திட்டித் தீர்த்தார்கள். சில மாதம் கழித்து, திருத்தங்களைச் சேர்த்து அதே 10.1 பதிப்பின் வட்டுகளைத் திரும்பவும் செய்து விட வேண்டியதாயிற்று. தாமதம் வந்தது, ஆனால் போதுமான தாமதமாக இல்லை.

இரண்டாவது பாடம் 2012. ஓப்பன்சூசே 12.2 அந்த வருடம் ஜூலை 11ஆம் திகதி வருவதாக இருந்தது. சோதனை வெளியீடுகள் ஒவ்வொன்றாகப் பிந்தின. ஜூன் மாதம் வெளியீட்டு மேலாளர் ஸ்டெஃபான் கூலோ எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் எழுதினார். அவர் எழுதியதன் சாரம் இதுதான்: ஒவ்வொரு சோதனைப் பதிப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவது தீர்வாகாது, நாங்கள் வேலை செய்யும் முறையே மாற வேண்டும். பொதிகள் பெருகிவிட்டன. அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, உடைந்ததைத் திருத்தும் கைகள் அதே அளவுக்குப் பெருகவில்லை. 12.2 கடைசியில் செப்டம்பர் 5ஆம் திகதி வந்தது. சரியாக எட்டுக் கிழமை தாமதம்.

அதே வருடம், அதே நாட்டில், இன்னொரு திறப்பு தள்ளிப்போனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பேர்லினின் புதிய விமான நிலையம் 2012 ஜூன் 3ஆம் திகதி திறப்பதாக இருந்தது. மே 8ஆம் திகதி, நாலு கிழமைகூட இல்லாத நேரத்தில், தீப்பாதுகாப்பு ஏற்பாடுகள் தயாரில்லை என்று அறிவித்தார்கள். பிறகு ஒரு திகதி, அதுவும் போய் இன்னொரு திகதி. திறந்தது 2020 ஒக்டோபர் 31. எட்டு வருடத்துக்கு மேல்.

விமான நிலையத்தையும் மென்பொருளையும் ஒப்பிடுவது முழுக்கச் சரியில்லைதான். ஆனாலும் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. 12.2இல் என்ன உடைந்தது, எத்தனை உடைந்தது என்பது எல்லோருக்கும் திறந்த பட்டியலாக இருந்தது. அதில் யாரும் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

திரையைப் பார்க்கும் இயந்திரம்

வேலைமுறை மாற வேண்டும் என்ற அந்தப் பேச்சு காற்றோடு போகவில்லை. ஓப்பன்சூசே ஆட்களிடம் ஓப்பன்கியூஏ என்று ஒரு கருவி இருந்தது. அது ஒரு மாயக் கணினிக்குள் நிறுவியைத் தொடங்கும். மனிதர் மாதிரியே திரையைப் பார்க்கும். "மொழியைத் தெரிவுசெய்க" என்ற பெட்டி வந்ததா? வந்தால் அடுத்த விசையை அழுத்தும். எதிர்பார்த்த படம் திரையில் வராவிட்டால் அந்த இடத்திலேயே நின்று, படத்தையும் பிடித்து வைத்து, இங்கே பிழை என்று காட்டும். முழு வன்தட்டு, பூட்டிய வன்தட்டு, இரண்டு வன்தட்டு என்று விதவிதமாக, இரவிரவாக, அலுக்காமல் நிறுவிக்கொண்டே இருக்கும்.

2014 முதல் ஓப்பன்சூசேயின் தொடர்ந்து புதுப்பிக்கப்படும் பதிப்பான டம்பிள்வீட் இந்தச் சோதனைகளைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. சோதனையில் பெரிய வழு பிடிபட்டால் அந்தப் பதிப்பு வெளியே போகாது. அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். பிறகு ஃபெடோரா, டெபியன் போன்ற மற்ற வழங்கல்களும் இதே கருவியைப் பயன்படுத்தத் தொடங்கின. நூர்ன்பேர்க் வட்டாரத்துத் தலையிடி ஒன்றுக்குச் செய்த மருந்து உலகத்துக்கு உதவுகிறது.

தலையிடி முழுக்க மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ஃபெடோரா 18 தன் நிறுவியை முழுதாகத் திருப்பி எழுதியபோது, கிழமைக்குக் கிழமை கூடி "போகலாமா, வேண்டாமா" என்று கேட்டு, வேண்டாம், வேண்டாம் என்று தள்ளி, 2012 நவம்பரில் வரவேண்டியது 2013 ஜனவரி 15ஆம் திகதி வந்தது. மாறாக, உபுண்டு 17.10 குறித்த நேரத்துக்கு வெளிவந்தது. இரண்டு மாதம் கழித்து, சில மடிக்கணினிகளின் அடிப்படை அமைப்பையே அது குழப்புகிறது என்று தெரியவந்து, பதிவிறக்கத்தை நிறுத்த வேண்டி வந்தது. திருத்திய பதிப்பு 2018 ஜனவரியில் வந்தது. 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளிவரும் நாளன்றே, கருநிரலில் கோப்புகளைக் கெடுக்கக்கூடிய வழு இருப்பதைக் கண்டு நிறுத்தினார்கள். அடுத்த நாள் நேராக 12.4 வந்தது. ஒரு இலக்கத்தைத் தாண்டிப் போனால் போகட்டும், ஆட்களின் கோப்புகள் போகக்கூடாது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. வெட்கப்படவேண்டிய இடம் திகதி தவறும் இடம் இல்லை. தயாரில்லை என்று தெரிந்தும் திகதிக்காக அனுப்பிவிடும் இடம்தான்.

எங்கட சனத்துக்கு இதில் என்ன?

நூர்ன்பேர்க்கின் பச்சோந்தி தமிழ்நாட்டுக்கும் போயிருக்கிறது. 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில், சி. உமாசங்கர் தலைமை வகித்த காலத்தில், தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் போன கணினிகளில் அது ஏறியது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், பிறகு தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. இங்கே ஜேர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், சுமார் 30,000 அரசுக் கணினிகளைத் திறந்த மென்பொருளுக்கு மாற்றப்போவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. நூர்ன்பேர்க்கில் ஒருவர் பொறுமையாகத் திருத்தும் ஒரு வழு, கீலில் ஒரு அலுவலருக்கும் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் போய்ச் சேரக்கூடியது.

உங்கள் பிள்ளையும் ஒரு நாள் வந்து "லினக்ஸ் போடப்போறன்" என்று சொல்லும். மறிக்காதீர்கள். ஆனால் இவற்றைச் செய்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கோ:

– முதலில் படங்கள், பத்திரங்கள் எல்லாம் ஒரு வெளி வன்தட்டில். பிரதி எடுத்தபிறகு அதைக் கழற்றி வைக்க வேண்டும். நிறுவும்போது செருகியே இருந்தால் நிறுவிக்கு அதுவும் இன்னொரு வன்தட்டுத்தான்.

– பிரதி எடுத்த கோப்புகளை இன்னொரு கணினியில் திறந்து பாருங்கோ. திறக்காத பிரதி பிரதி இல்லை.

– சோதனைப் பதிப்பு என்றால் மாயக் கணினிக்குள் மட்டும். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். உள்ளே என்ன உடைந்தாலும் வெளியே ஒரு கீறல் விழாது.

– பல வழங்கல்களை யுஎஸ்பி குச்சியில் இருந்தே, நிறுவாமல், ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்குதா, சத்தம் வருதா, தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியுதா என்று முதலில் அப்படிப் பார்க்கட்டும்.

– வன்தட்டைப் பிரிக்கும் திரை வந்தால் கையை எடுத்துவிட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கோ. இரண்டு பேராக வாசியுங்கோ. விளங்காவிட்டால் நிறுத்துங்கோ. அந்த இடம் வரைக்கும் ஒன்றும் அழியாது.

– வழு கண்டால் எழுதச் சொல்லுங்கோ. நான் என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. இந்த மூன்றும் தெளிவாக இருந்தால் அது நல்ல அறிக்கை. திட்டி எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இந்தக் கடைசி விஷயம் மொழிப்பாடம் மாதிரியும் பயன்படுகிறது. "வேலை செய்யேல்லை" என்று ஒரு வரியில் முடிக்காமல் நடந்ததை ஒழுங்காகச் சொல்லப் பழகுவது எந்த மொழியிலும் கஷ்டம். நிறுவிகளின் தமிழ் மொழிபெயர்ப்பும் தன்னார்வலர்கள் செய்வதுதான். தமிழ் வாசிக்கத் தெரிந்த, இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருக்கிறது.

அடுத்த வியாழன்

சொன்ன மாதிரியே அடுத்த கிழமை சோதனைப் பதிப்பு வந்தது. அம்மப்பாவின் மடிக்கணினி எங்கள் வீட்டு அலுமாரியில் மூடியபடியே இருந்தது. மகன் தன் கணினியில் மாயக் கணினி ஒன்றைச் செய்து அதற்குள் நிறுவினான். மொழி தமிழ் என்று தெரிவுசெய்தான். ஒரு திரையில் பொத்தானின் தமிழ்ச் சொல் நீளம் கூடி, பாதி வெட்டுப்பட்டு நின்றது. "அம்மா, இஞ்சை வாங்கோ, ஒரு வழு!" என்று சந்தோஷமாகக் கத்தினான். பக் என்று சொல்லவில்லை.

இரண்டு பேரும் இருந்து அறிக்கை எழுதினோம். திரைப்படம் பிடித்து இணைத்தோம். மூன்று நாள் கழித்து எங்கோ இருந்து ஒருவர், தன் கணினியிலும் அப்படித்தான் தெரிகிறது, நன்றி என்று எழுதியிருந்தார். இறுதிப் பதிப்புக்குள் திருத்த ஏலுமா என்று பார்ப்பார்களாம். ஏலாவிட்டால் அடுத்ததில்.

இறுதிப் பதிப்பு வந்தபிறகுதான் அம்மப்பாவின் கணினி. அதுவரைக்கும் ஒரு வேலை இருக்கிறது. போன சனிக்கிழமை அப்பா வந்திருந்தார். மகன் ஒரு வெளி வன்தட்டை இணைத்து, அவருடைய படங்களை எல்லாம் பிரதி எடுத்தான். முடிந்ததும் கழற்றி, என் கணினியில் செருகி, ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்த்தான். ஒன்றின் பெயர் "அம்மா". உள்ளே பதினொரு படங்கள்.

"எல்லாம் திறக்குது, அம்மப்பா," என்றான்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையை இழுத்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தார். "முதலாவதிலை இருந்து காட்டு," என்றார்.